லேபிள் கணினியின் ஒன்பது நிமிடம்

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே வேலை செய்த ஒரு பெண் நாற்பத்தோரு நாள் சரியாக மூச்சு விட முடியாமல் கஷ்டப்பட்டதற்கு நான் காரணம். ஒரு கணினியில் ஓர் அமைப்பை மாற்றினேன். பிறகு, அதை மாற்றியது நான்தான் என்று சொல்லாமல் இருந்தேன். செய்தது இவ்வளவுதான். இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. கணிதத்தில் முதுகலை படித்தவன், மூன்று இடங்களில் வேலை பார்த்தவன், நல்ல பெயரோடு வெளியே வந்தவன். அந்த நல்ல பெயரில் இந்த நாற்பத்தோரு நாள் சேர்ந்திருக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் பார்கோடு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். லேபிள் இல்லாத பெட்டியைக் கன்டெய்னரில் ஏற்ற மாட்டார்கள். அந்த லேபிள்களை அச்சிட, பேக்கிங் ஹாலின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு கணினி இருந்தது. கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் சில நொடிகள் ஆகும். யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அந்தச் சில நொடிகளில் கணினி அணைந்துவிடும். மறுபடி அது எழுந்து முதல் லேபிளைத் தர ஒன்பது நிமிடம் ஆகும். ஒரு நாளில் மூன்று தடவை கரன்ட் போனால், அரைமணி நேரம் பேக்கிங் பெண்கள் மூடிய பெட்டிகள் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள்.

டெஸ்பாட்ச் பார்க்கிறவர் வாணியம்பாடிக்காரர், கேலிக்காரர். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் கேட்பார்: "இன்னா சார், உங்க மெஷின் எழுந்து பல்லு தேச்சு குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கப்பல் சிலோன் தாண்டிடும் போலக்கீதே."

நான் பழைய கணினி, மெதுவாகத்தான் வரும் என்பேன். அது பழைய கணினிகூட இல்லை.

அந்த மேசைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆலங்காயம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். எட்டு வருடம் பேஸ்டிங் மேசையில் இருந்தவள். அது காலணியின் மேல்தோலான அப்பரையும் உள்பக்கத்து லைனிங்கையும் சொல்யூஷன் என்கிற பசை தடவி ஒட்டும் இடம். அந்தப் பசையின் வாடை முதல் மாதம் தலையை வலிக்க வைக்கும், பிறகு பழகிவிடும் என்பார்கள். அவளுக்குப் பழகவில்லை. நெஞ்சில் வீசிங் வந்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்குவாள். சொல்யூஷன் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அதைக் காட்டி, கேட்டுக் கேட்டு இந்த மேசையை வாங்கினாள். ஆறு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் பழைய இடத்துக்கே போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லித்தான் அனுப்பினார். அவளுக்கு அந்த நாற்காலி சுவாசம். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

இரண்டாவது வாரத்தில், கரன்ட் போய் வந்த ஒரு காலையில், இந்த ஒன்பது நிமிடமும் உள்ளே இது என்ன சார் செய்கிறது என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் சர்வீஸ் பட்டியலைத் திறந்து காட்டினேன். கணினியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் சிறு நிரல்கள் அவை. ஃபேக்ஸ் வந்தால் வாங்க ஒன்று, டேப்பில் நகல் எடுக்க ஒன்று, எப்போதோ கழற்றிப்போட்ட ஸ்கேனருக்காக ஒன்று, லேபிள்களின் விவரக் கிடங்கைத் திறந்து வைக்க ஒன்று, இப்படி எழுபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எப்படித் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கும். 'ஆட்டோமேட்டிக்' என்றால் கணினி எழும்போதே அதுவும் எழும். 'மேனுவல்' என்றால் யாராவது கூப்பிடும்போது எழும். 'டிசேபிள்டு' என்றால் கூப்பிட்டாலும் எழாது. எங்கள் கணினியில் ஏறக்குறைய எல்லாமே ஆட்டோமேட்டிக்கில் இருந்தன. அத்தனையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு எழுந்து வரும்வரை லேபிள் காத்திருந்தது.

அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"லோடுமேனுங்கள காலைல எட்டு மணிக்கே கூப்ட்டு கேட்டாண்ட நிக்க வெக்கறோமா சார்? டீக்கடைல ஒக்காந்திருப்பாங்க. லாரி வந்தா ஒரு குரல் குடுத்தா வர்றாங்க. இதுங்கள மட்டும் எதுக்கு விடியறதுக்குள்ள எழுப்பணும்?"

நான் சிரித்தேன். சிரித்ததற்குக் காரணம், அது சரியாக இருந்ததுதான். நான் படித்த படிப்புக்கு அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். செய் என்றேன். அவள் செய்த விதத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு சர்வீஸ், அதற்கு மேல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றுவாள். மறுநாள் சாப்பாட்டு நேரம்வரை எதுவும் தடுமாறுகிறதா என்று பார்ப்பாள். பிறகு அடுத்தது. கழற்றிப்போட்ட ஸ்கேனருக்கானதைக்கூட முடக்கவில்லை, மேனுவலில்தான் விட்டாள். என்றைக்காவது யாராவது ஸ்கேனரைக் கொண்டுவந்து மாட்டினால் பாவம் இல்லையா என்றாள். லேபிள் விவரக் கிடங்குக்கான சர்வீஸ்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதையும் மேனுவலுக்கு மாற்றினாள். ஆனால் லேபிள் நிரலுக்கு அதைத் தானாகக் கூப்பிடத் தெரியாது. அதனால் இரண்டு வரியில் ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதினாள். முதல் வரி அந்த சர்வீஸை எழுப்பும், இரண்டாவது வரி லேபிள் நிரலைத் திறக்கும். ஐகானை அழுத்தினால் இரண்டும் வரிசையாக நடக்கும்.

ஒன்பது நிமிடம் இரண்டே முக்கால் நிமிடம் ஆனது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவள் செய்தது என்று சொல்ல வாய் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. "கொஞ்சம் டியூன் பண்ணோம் சார்" என்றேன். 'பண்ணோம்' என்ற பன்மையில் அவளைச் சேர்த்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாராட்டு ருசித்துவிட்டது. இன்னும் குறைக்க முடியும் என்று மேனேஜரிடம் சொல்லிவைத்தேன். ஒரு சனிக்கிழமை, மத்தியானத்தோடு எல்லோரும் போன பிறகு, அணைத்துவைத்திருந்த அந்தக் கணினியைப் போட்டு, அதன் முன் நான் தனியாக உட்கார்ந்தேன். பட்டியலைத் திறந்தேன். பல சர்வீஸ்கள் ஓடாமல் நின்றிருந்தன. நிற்கிறவை தேவையில்லாதவை என்று எடுத்துக்கொண்டேன். அது சனிக்கிழமை மத்தியானம், யாரும் லேபிள் அச்சிடவில்லை, அதனால் லேபிள் கிடங்கின் சர்வீஸும் நின்றிருந்தது என்பதை யோசிக்கவில்லை. பெயர்களை முழுதாகப் படிக்காமல் பதினான்கை டிசேபிள்டு என்று மாற்றினேன். அணைத்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு திரும்பப் போட்டேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. சந்தோஷமாகப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு லேபிள் அச்சடித்துப் பார்க்கவில்லை. மிச்சமான நொடிகள், தொடக்கத்தில் எழுந்து வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும் வேறு இரண்டு சர்வீஸ்களால் மிச்சமானவை. தொடக்கத்தில் எழாத லேபிள் சர்வீஸை முடக்கியதில் ஒரு நொடிகூட மிச்சமாகவில்லை.

திங்கட்கிழமை கன்டெய்னர் நாள். நான் வேலூரில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். போனை அணைத்திருந்தேன்.

அன்று நடந்ததைப் பிறகு டெஸ்பாட்ச்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் அவள் ஐகானை அழுத்தியிருக்கிறாள். அந்த சர்வீஸ் முடக்கப்பட்டிருப்பதால் தொடங்க முடியாது என்று திரையில் வந்திருக்கிறது. உடனே பட்டியலைத் திறந்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நிமிடம் கொடுங்கள், மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மேனேஜர் விடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. மெஷின் நின்றால் ஓட்டுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும், மெக்கானிக் வரும்வரை தொடக் கூடாது. தோல் வெட்டும் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் இருந்த காலத்தில் வந்த விதி அது, நல்ல விதி. அதைக் கணினிக்கும் போட்டார்கள். கணினிக்கு மெக்கானிக் நான். நான் வரும்வரை அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, தன்னால் அரை நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்டெய்னர் போக வேண்டிய நேரம் கடந்தது. துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கும் கதவு மூடியது.

நான் வந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை, கிட்டத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. திரைமேல் குனிந்தேன். எதுவும் படிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் மேனேஜர், டெஸ்பாட்ச்காரர், பேக்கிங் சூப்பர்வைசர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அவள்தான் படித்துச் சொன்னாள்.

"டிசேபிள்டுன்னு இருக்கு சார்."

அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் சனிக்கிழமை முழுதும் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல மவுஸை நகர்த்தி மாற்றினேன். லேபிள் வர ஆரம்பித்தது. யார் மாற்றியது என்று மேனேஜர் கேட்டார்.

"இந்த மெஷின்ல சர்வீஸ் எல்லாம் அவங்கதான் சார் மாத்திட்டு இருந்தாங்க" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பல வருடங்கள் இதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையான சொற்களை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் மேனுவல்லதான் சார் வெச்சிருந்தேன்" என்றாள். அந்தச் சொல்லுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பேசிவிட்டார். மற்றவர் பேசவில்லை.

மறுநாள் அவள் பேஸ்டிங் மேசைக்குப் போனாள்.

அவள் இடத்துக்கு வந்தவருக்கு எதைச் சொல்லித்தருவது என்று எனக்குப் பயம். மறுபடி ஏதாவது நின்றால் விஷயம் என் பக்கம் திரும்பும். ஆகவே எல்லா சர்வீஸையும் பழையபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினேன். ஒன்பது நிமிடம் திரும்பி வந்தது. பேக்கிங் பெண்கள் திரும்பவும் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். டெஸ்பாட்ச்காரர் மட்டும் முன்போல எல்லோர் முன்னும் கேலி செய்யவில்லை. ஒருநாள் நான் தனியாக இருக்கும்போது வந்தார்.

"மெஷின் மறுபடி தூங்குதே சார். எழுப்பத் தெரிஞ்ச ஆள சொல்யூஷன் டப்பாகிட்ட அனுப்பிட்டு நாம இன்னாத்துக்கு பேஜார் பட்றோம்?"

எனக்குத் தெரியாது, மேனேஜர் முடிவு என்றேன். அவர் சரி சார் என்று போய்விட்டார்.

அந்த மாதத்து முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து வாசித்தேன். அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போக வரிசை எழுந்தபோது, மறைத்த பாவத்தோடு என்னால் எழ முடியவில்லை. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். கால் வலி என்றேன். அடுத்த மாதமும் கால் வலி என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவள் தைலத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். வலிக்காத காலில் அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராவது நாள், முதலுதவி அறையின் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்ஹேலரை அப்போதுதான் இழுத்திருக்க வேண்டும், தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாகத்தான் நான் ஸ்டோருக்குப் போக வேண்டும். தாண்டிப் போய்விடலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"சார்... அந்த டேப் சர்வீஸ... நான் பாக்காம விட்டுட்டேன். வாரத்துல... ஒரு நாள்தான வேணும். அத மேனுவல்ல போட்டா... இன்னும் இருபது செகண்ட் கம்மியாகும்."

எல்லாவற்றையும் நான் பழையபடி மாற்றிவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு இரண்டு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னை வெளியே அனுப்பிய கணினிக்கு இருபது நொடி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் படிக்குப் பக்கத்தில் நின்றேன். டிசேபிள் செய்தது நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கும் மூச்சு போதவில்லை.

"தெரியும் சார்" என்றாள். இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். மேனேஜருக்குத்தான் தெரியாது" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எது எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவளின் குரல்தான் அது.

ஸ்டோருக்குப் போகாமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நாலு மாசத்துல ரிட்டையர் ஆவப்போறீங்க. இப்ப எதுக்கு சார் இது? அந்தப் பொண்ண நான் வேற எடத்துக்கு மாத்திட்றேன், விடுங்க" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு நொடி அதில் சாய்ந்துவிடத் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். வேறு இடம் வேண்டாம் சார், அதே இடம் வேண்டும், அன்று யார் யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். மெஷின் நின்றபோது அவள் சரிசெய்கிறேன் என்றது சரி, அவளை விட்டிருந்தால் கன்டெய்னர் போயிருக்கும், முடக்கியது நான், மாட்டிவிட்டதும் நான், ஒன்பது நிமிடத்தைக் குறைத்தது அவள். சூப்பர்வைசர்கள் தரையைப் பார்த்தார்கள். டெஸ்பாட்ச்காரர் மட்டும், "சரி, இனிமே அவங்கள எப்ப அனுப்பறீங்க, அத சொல்லுங்க" என்றார்.

அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு விஷயம் கேட்டாள். மெஷின் நின்றால் தொடக் கூடாது என்ற அந்த விதியில் கணினியைச் சேர்க்கக் கூடாது, அது நின்றால் அதன் முன் உட்கார்ந்திருப்பவரே பார்க்கலாம் என்று எழுதித்தர வேண்டும். யார் அதில் எதை மாற்றினாலும் ஒரு லேபிள் அச்சடித்துப் பார்க்காமல் எழுந்து போகக் கூடாது. மேனேஜர் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேசைக்குத் திரும்பிய முதல் நாள் பட்டியலைத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"பரவால்ல சார், எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு, "நீங்க தொடாதீங்க" என்றாள்.

தொடவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை டேப் சர்வீஸையும் சேர்த்தாள். கனமான சர்வீஸ்கள் தேவைப்படும்போது மட்டும் எழுவது நல்லது என்று பின்னாளில் கணினி செய்கிறவர்களே அதை உள்ளேயே வைத்துத் தர ஆரம்பித்ததாக எங்கோ படித்தேன். அதைப் படித்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தின் மற்றப் பன்னிரண்டு கணினிகளும் அவள் பொறுப்பில் இருந்தன.

நான் இருந்த கடைசி மாதத்தில் ஒரு கன்டெய்னர் நாள். காலையிலேயே இரண்டு தடவை கரன்ட் போய்விட்டது. மூன்றாவது தடவை போனபோது நான் ஹாலின் மறுகோடியில் இருந்தேன். பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆனால் கணக்கிட முடியவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் டெஸ்பாட்ச்காரருக்கும் அவளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு லாட் சரக்கின் சைஸ் வரிசையை அவர் மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் ஏதோ கேலியாகச் சொன்னார். அவள் திருப்பிக் கொடுத்தாள்: எந்த சைஸ் எந்தப் பெட்டி, போன வாரம் எப்படி மாறியது, யார் ஒட்டியது, யார் கிழித்தது, இதற்கு மேல் தன்னை ஏன் கேட்கக் கூடாது. பேக்கிங் பெண்கள் சிரித்துக்கொண்டே லேபிளுக்குக் கையை நீட்டினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று கேட்டேன். நீளமான பேச்சு அது. ஆரம்பத்திலிருந்து முடியும்வரை, நடுவில் ஒரு தடவைகூட அவள் மூச்சுக்காக நிறுத்தவில்லை.